வெள்ளிப் பட்டறையிலிருந்து பிராக்: போகிறவர்களுக்கு வழி

எங்கள் சம்பந்தி வீட்டார் வரும் மே மாதம் செக் நாட்டுத் தலைநகரான பிராக் போகிறார்கள். "நீங்கள்தான் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தீர்களே, எதை முதலில் பார்ப்பது, எதை விடலாம், சொல்லுங்கள்" என்று சம்பந்தியம்மா போனில் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசியும் அங்கிருக்கும் சார்லஸ் பாலத்தையே தாண்டவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற மற்ற சேலத்துக்காரர்களுக்கும் இது உதவட்டும்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. 34 வருடமாக வெள்ளிதான் சோறு போடுகிறது. மகள் பிராகில் கணினி வேலை பார்க்கிறாள். போன செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் போனோம். முதல் இரண்டு நாள் மகள் போட்டுக் கொடுத்த பட்டியல்படி ஓடினோம். காலையில் மூன்று கோயில், மதியம் இரண்டு அருங்காட்சியகம், சாயங்காலம் ஒரு கோபுரம். ராத்திரி படுத்தால் எது எந்த ஊர்க் கல் என்றே நினைவில்லை. மூன்றாம் நாள் கோட்டைக்குள் ஒரு வெள்ளிச் சமாதி முன்னால் போய் நின்றேன். அங்கிருந்துதான் எனக்கு அந்த ஊர் பிடிபட்டது. அன்றிலிருந்து வெள்ளி இருக்கும் இடத்தையே தேடிப் போனோம், மற்றதெல்லாம் போகிற வழியில் தானாக வந்தது. சம்பந்தி கொண்டலாம்பட்டியில் தறி வைத்திருந்தவர். அவர் அங்கே போய்ப் பழைய துணிகளையும் திரைச்சீலைகளையும் தேடிப் பார்க்கட்டும். வாத்தியாராக இருந்தவர்கள் பல்கலைக்கழகப் பக்கம் போகலாம். கையில் உங்கள் தொழில் ஒன்று இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

முதலில் கிளம்புகிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். செக் குடியரசு ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும், அந்தத் தேதி கிடைப்பதுதான் தாமதம். மே மாதம் போகிறவர்கள் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். விமானம் வழியில் ஒரு இடத்தில் மாறவேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவையுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பணம் விஷயத்தில் ஒன்று. யூரோ கொண்டுபோகிறோமே என்று நினைக்காதீர்கள், அங்கே கொருனாதான் நாணயம். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுக் கடையில் நான் 200 யூரோ கொடுத்தேன். கைக்கு வந்ததை எண்ணிப் பார்த்தால் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பலகையில் பெரிதாகப் போட்டிருந்த விலை ஒன்று, கொடுத்த விலை ஒன்று. மகள் வேலையிலிருந்து போனில் சொன்னாள்: "அப்பா, ரசீது வைத்திருக்கிறீர்களா? மூன்று மணி நேரத்துக்குள் திரும்பக் கொடுக்கலாம், சட்டம் இருக்கிறது." 2019 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்துசெய்யலாம். திரும்பிப் போய்க் கேட்டேன், முகத்தைச் சுளித்தாலும் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ஏடிஎம்மில் எடுத்தால் "கொருனாவிலேயே கணக்கிடு" என்ற பொத்தானை அழுத்துங்கள். ரூபாயில் காட்டவா என்று இயந்திரம் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் வல்தாவா ஆறு. கிழக்குக் கரையில் பழைய நகரம், யூதர் குடியிருப்பு, வென்செஸ்லாஸ் சதுக்கம். மேற்குக் கரையில் மேட்டின்மேல் கோட்டை, அதன் அடிவாரத்தில் சின்ன நகரம். ஒரு நாள் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கும் இங்குமாக அலைந்தால் கால் போய்விடும். மெட்ரோ மூன்று வழி: பச்சை, மஞ்சள், சிவப்பு. டிராம் எல்லா மூலைக்கும் போகும். ஒரே சீட்டு மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும். தாள் சீட்டு வாங்கினால் முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காத சீட்டு செல்லாத சீட்டு. மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, நேராக இறங்கிவிடலாம், ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். மூன்று நாள் சீட்டு, அதாவது 72 மணி நேரச் சீட்டு எடுத்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் ஒருமுறையோடு தீர்ந்தது.

செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழைய நகரம் முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பாவிய தெரு. மனைவி முதல் நாள் மெல்லிய செருப்போடு வந்து, சாயங்காலம் உள்ளங்காலை எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் பாட்டா கடையில் ஷூ வாங்கினோம். நாம் சின்ன வயதிலிருந்து நம் ஊர்க் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த பாட்டா, 1894இல் ஸ்லீன் என்ற செக் ஊரில் ஆரம்பித்தது. என் அப்பா ஓட்டிய ஜாவா பைக்கும் பிராகில் பிறந்ததுதான். யானெச்செக் என்பவர் 1929இல் தொடங்கிய கம்பெனி, அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு வாண்டரர் என்ற ஜெர்மன் பைக்கின் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து ஜாவா.

இனி ஊருக்குள் போவோம். பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னல் திறந்து பன்னிரண்டு சீடர்கள் வரிசையாகப் போவார்கள், கடைசியில் சேவல் கூவும். காலை 9 மணி முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் இது நடக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் "இவ்வளவுதானா" என்று கலைந்துவிடும். நீங்கள் கலையாதீர்கள். கூட்டம் போனபிறகுதான் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும், நம்மால் மற்றவர்களைவிட நன்றாகவே படிக்கமுடியும்.

அது 1410இல் செய்தது, இன்றும் ஓடுகிறது. வெளி வட்டத்தில் 1 முதல் 24 வரை பழைய எழுத்தில் தங்க எண்கள் இருக்கும். அது பழைய செக் நேரம். சூரியன் மறைந்த நொடியிலிருந்து எண்ணுகிற நேரம். நாம் உதயாதி நாழிகை என்று சூரியன் எழுவதிலிருந்து எண்ணினோம், அவர்கள் மறைவதிலிருந்து எண்ணினார்கள். சூரியன் மறையும் நேரம் தினமும் மாறுமே, அதற்கேற்ப அந்த வட்டமே நகர்ந்துகொடுக்கும். உள்ளே தனியாக ஒரு சின்ன வட்டம் ஒருபக்கமாக ஒதுங்கிச் சுற்றும். அதில் மேஷம், ரிஷபம் எல்லாம் இருக்கும், ராசிச் சக்கரமேதான். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று காட்டும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: நமக்குச் சித்திரை 1 அன்று சூரியன் மேஷத்துக்கு வரும், அவர்கள் கணக்கில் மார்ச் 21 வாக்கிலேயே வந்துவிடும். அதனால் நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் மூன்றரை வாரம் முன்னே நிற்கும். சந்திரன் ஒரு சின்ன உருண்டை, பாதி வெள்ளி நிறம், பாதி கறுப்பு. அது தன்னைத்தானே சுற்றி வளர்பிறை தேய்பிறை காட்டும். மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாளில் அமாவாசை" என்றாள். போனில் பார்த்தோம், சரியாக இருந்தது. பக்கத்திலிருந்த வெளிநாட்டுப் பையன் ஒருவன் எங்களிடம் விளக்கம் கேட்டான். மகள் மொழிபெயர்க்க, என் மனைவி பிராக் கடிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தக் கூட்டத்தில் பையைக் கழுத்தில் மாட்டி முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் மேலே பார்க்கும்போது பை திருடுகிறவன் கீழே பார்ப்பான். கடிகாரம் இருக்கிற மண்டபத்தின் பக்கத்தில் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621இல் ஆட்சியை எதிர்த்த 27 பேரை அங்கேதான் கொன்றார்கள். மிதிக்காமல் போங்கள்.

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பத்து மணிக்குமேல் போனால் சேலம் பழைய பஸ் நிலையம் தீபாவளிக்கு முந்தின நாள் எப்படியோ அப்படி. ஆறரை மணிக்கு நாங்கள் போனபோது பனி ஆற்றின்மேல் படுத்திருந்தது, பாலத்தில் எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருப்போம். 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். நான்காம் சார்லஸ் ராஜா 1357இல் அடிக்கல் போட்டார். 1357, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், 5 மணி 31 நிமிடம், எண்களை வரிசையாக எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1 என்று ஏறி இறங்கும், அந்த முகூர்த்தம் பார்த்துத்தான் தொடங்கினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். சிலைகளில் பல இப்போது நகல்கள், மூலச் சிலைகள் வெயில் மழை படாமல் வேறு இடத்தில் இருக்கின்றன. நடுப்பாலத்தில் ஐந்து நட்சத்திரம் தலையைச் சுற்றி நிற்கும் வெண்கலச் சிலை யான் நெபொமுக் என்ற பாதிரியார். 1393இல் ராஜாவின் ஆணைப்படி அவரைக் கொன்று இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்கள். அவர் சிலையின் அடியில் இருக்கும் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பொன்போலத் தேய்த்துவைத்திருக்கிறார்கள். நம் கோயில் தூணில் கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறுமே, அது மாதிரி. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேட்டில் மறுபடி சந்திப்போம்.

பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் அன்னங்கள் கூட்டமாக இருக்கும். 2002 ஆகஸ்டில் இதே ஆறு பெருகி மெட்ரோவுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. இப்போது தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. நான் நம் திருமணிமுத்தாற்றை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கோட்டைக்கு ஏறிப் போகாதீர்கள். 22ஆம் எண் டிராம் கோட்டைக்குப் பக்கத்திலேயே விடும், அதில் போய்விட்டு, வரும்போது நடந்து இறங்குங்கள். அந்த டிராமிலும் பை பத்திரம். மதியம் 12 மணிக்குக் காவல் மாறும், பாண்டு வாத்தியத்தோடு. உள்ளே புனித வீத் தேவாலயம். 1344இல் ஆரம்பித்து 1929இல் முடித்தார்கள். 585 வருடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை நடப்பதால் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வேறு நாள் போங்கள். முன்பக்கம் கொஞ்ச தூரம் சீட்டில்லாமல் பார்க்கலாம். அத்தோடு திரும்பிவிடாதீர்கள், சீட்டு வாங்கி உள்ளே போங்கள். பலிபீடத்தைச் சுற்றிப் போகும் நடையில், வலப்பக்கம் இருக்கிறது அந்தச் சமாதி.

நெபொமுக்கின் சமாதி அது. 1736இல் முடித்தது, வியன்னாவின் வெள்ளி ஆசாரி யோகான் வியூர்த் செய்தது. ஏறக்குறைய இரண்டு டன் வெள்ளி. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்: ஜோடி 100 கிராம் என்றால் 20,000 ஜோடிக் கொலுசு. எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பட்டறையும் சேர்ந்து நின்றாலும் இப்படி ஒரே பொருளாக ஒருவரும் பார்த்திருக்கமாட்டோம். தேவதைகள் பெட்டியைத் தாங்குகிறார்கள், மேலே அவர் முழங்காலிட்டுச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடையின் மடிப்பு ஒவ்வொன்றும் நகாசு வேலை. தேவதையின் இறகும் தோளும் சேரும் இடத்தில் பற்றாசு வைத்து ஒட்டிய கோடு தெரிகிறதா என்று கம்பித் தடுப்புக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. நான் 34 வருடமாகப் பொடி வைத்து ஊதுகிறவன், ஒட்டு எங்கே என்று கண் தானாகப் போகும். மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். அரை மணி நேரம் ஆகிவிட்டதாம்.

அதே தேவாலயத்தில் வென்செஸ்லாஸ் சன்னதி. சுவர் முழுக்க 1,300க்கும் மேற்பட்ட வண்ணக்கற்களைப் பதித்திருக்கிறார்கள். அங்கிருக்கும் ஒரு கதவுக்குப் பின்னால்தான் பழைய செக் ராஜாக்களின் மகுடம் இருக்கிறது. ஏழு பூட்டு, ஏழு பேர் கையில் ஏழு சாவி. வாசலிலிருந்துதான் பார்க்கமுடியும், அதுவே போதும்.

கோட்டைக்குள்ளேயே பொற்சந்து என்று ஒன்று. மதிலோடு ஒட்டிய குட்டிக் குட்டி வீடுகள், நம் ஊர் லைன் வீடு மாதிரி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டைக் காவல்காரர்களுக்காகக் கட்டியது, அப்புறம் பொற்கொல்லர்கள் குடியிருந்ததால் அந்தப் பெயர். 22ஆம் எண் நீல வீட்டில் எழுத்தாளர் காப்கா 1916-17இல் இருந்து எழுதியிருக்கிறார். கதவு குனிந்து போகிற உயரம். பட்டறை என்றால் எந்த ஊரிலும் இவ்வளவு இடம்தான் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் கோட்டை மதிலில் நின்றால் கீழே ஊர் முழுக்க விளக்கு ஏறும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்ப்பது போலவே இருந்தது, நடுவில் ஆறு மட்டும் கூடுதல்.

யூதர் குடியிருப்புக்குச் சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். பழைய கல்லறையில் இடம் போதாமல் அடுக்குமேல் அடுக்காகப் புதைத்திருக்கிறார்கள், 12,000 கல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதை ஒட்டிய பிங்காஸ் ஜெபக்கூடத்தின் சுவரில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் அது பூவேலை என்று நினைத்தேன், கிட்டே போனபிறகுதான் எழுத்து என்று தெரிந்தது. குடும்பம் குடும்பமாக, பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தகவல் இருந்த தேதி. அங்கிருந்து வெளியே வந்து நாங்கள் வேறு எங்கும் போகவில்லை. அன்றைக்கு அது ஒன்று போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்தவர்கள் சார்லஸ் பல்கலைக்கழகம் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். 1348இல் தொடங்கியது. தமிழறிஞர் கமில் சுவெலபில் பிராகில் 1927இல் பிறந்தவர், அங்கே தமிழ் கற்பித்தவர். 1968இல் சோவியத் படை நுழைந்தபிறகு நாட்டைவிட்டுப் போனார். சங்கப் பாட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஒருவர் இந்தத் தெருவில் நடந்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு நிறைவாக இருந்தது.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவது: ஒரு நாளை ஒதுக்கி குட்னா ஹோரா போய்வாருங்கள். பிராக் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். அந்த ஊர் வெள்ளிச் சுரங்கத்தால்தான் உருவானது. பிராகில் நீங்கள் பார்க்கிற பாலம், தேவாலயம், கோட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மண்ணிலிருந்து எடுத்த வெள்ளி இருக்கிறது. 1300இல் இரண்டாம் வென்செஸ்லாஸ் ராஜா இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்து அங்கே காசு அடிக்க ஆரம்பித்தார். பிராக் குரோஷென் என்று பெயர். ஒரு பக்கம் மகுடம், மறுபக்கம் சிங்கம். காசு அடித்த இடம் இன்றும் இத்தாலிய அரண்மனை என்ற பெயரில் நிற்கிறது. வெள்ளியைத் தட்டித் தகடாக்கி, வெட்டி, வெளுப்பாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. நாங்கள் பூந்திக்கொட்டை நீரில் துலக்குவதற்கு அவர்கள் வேறு சரக்கு வைத்திருந்தார்கள், மற்றபடி கைப்பாடு ஒன்றுதான். ஆரம்பத்தில் அந்தக் காசு 93 டச், அதாவது நூறில் 93 பங்கு வெள்ளி என்ற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. போகப் போகச் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார்கள். டச் இறங்கினால் பெயர் இறங்கும், வெள்ளிக்காரனுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம் புனித பார்பரா. அவள் பெயரில் 1388இல் தொடங்கிய தேவாலயம் மேட்டின் ஓரத்தில் இருக்கிறது. ராஜா கட்டிய கோயிலில் ராஜாவைத்தான் வரைவார்கள். இங்கே சுவரில் காசு அடிக்கிறவன் சம்மட்டியோடு உட்கார்ந்திருக்கிறான், வெள்ளைச் சட்டை போட்ட சுரங்கத் தொழிலாளிக்கு மரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். கூலிக்கு வேலை செய்தவனுக்குக் கோயிலுக்குள் இடம். நான் வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். வெள்ளி அருங்காட்சியகத்தில் வெள்ளை அங்கி, தலைக்கவசம், விளக்கு கொடுத்துப் பழைய சுரங்கத்துக்குள் கூட்டிப் போவார்கள். சில இடம் உடம்பை ஒருக்களித்துத்தான் நகரமுடியும். மூச்சுத்திணறல், முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுங்கள். குட்னா ஹோராவில் ரயில் நிற்கும் முதன்மை நிலையம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து சின்ன ரயில் மாறி ஊருக்குள் போகலாம். நிலையத்துக்குக் கிட்டத்தில்தான் எலும்புகளால் அலங்கரித்த செட்லெட்ஸ் சிற்றாலயம். மனைவி வாசலோடு நின்றுவிட்டாள், நான் மட்டும் போய்வந்தேன். படம் எடுக்க அனுமதியில்லை.

நகை வாங்க ஆசைப்பட்டால் அங்கே சிவப்புக் கார்னெட் கல் விசேஷம். ஆனால் சுற்றுலாத் தெருவில் கண்ணாடியையும் வேறு நாட்டுக் கல்லையும் அதே பெயரில் விற்கிறார்கள். செக் கார்னெட் பெரும்பாலும் சின்னச் சின்னக் கல்லாகத்தான் வரும். பெரிய ஒற்றைக் கல்லைக் காட்டி அதே ஊர்க் கல் என்றால் சந்தேகப்படுங்கள். சான்றிதழும் அரசு முத்திரையும் கேளுங்கள், முத்திரை லென்ஸில் தெளிவாகத் தெரியவேண்டும்.

சாப்பாடு. நாங்கள் போனது புரட்டாசி, மனைவி சுத்த சைவம். "பெஸ் மாசா" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். சூப்பில் இறைச்சித் தண்ணீர் இருக்கும், தனியாகக் கேட்டே ஆகவேண்டும். உருளைக்கிழங்கைத் துருவிச் சுடுகிற பிராம்போராக், பொரித்த பாலாடைக்கட்டி இரண்டும் கிடைக்கும். வாரநாள் மதியம் மதிய உணவுப் பட்டியல் என்று தனியாக வைத்திருப்பார்கள், விலை குறைவு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் "டோப்ரீ டென்" என்று வணக்கம் சொல்லுங்கள், சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் மாறிவிடும். வெளியே வரும்போது "டியெக்குயி", நன்றி.

சம்பந்தியம்மா, மே மாதத்துக்கு ஒரு ஸ்வெட்டரும் குடையும் போதும். இரவு எட்டரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்கு மறுபடி கிளம்புங்கள். தட்டுவடையைக் காற்றுப் போகாத டப்பாவில் தனியாகக் கட்டுங்கள், சட்னி வேண்டாம், வழியில் கெட்டுவிடும். விஷெஹ்ராட் கோட்டை மதிலுக்குச் சிவப்பு மெட்ரோவில் போய், ஆறு தெரிகிற பக்கமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே கூட்டம் இருக்காது.